தொழிற் குழுமங்களும் வட்டார ஏற்றத்தாழ்வும்

வட்டாரங்களுக்கிடையே சமச்சீரான வளர்ச்சி காண்பது இந்தியத் திட்டமிடலின் தொடக்க காலக் குறிக்கோள்களுள் ஒன்றாகும். பல்வேறு பகுதிகளின் வளர்ச்சி நிலையில் காணப்படும் வேறுபாடுகள் படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டும் என்பதை 1956ஆம் ஆண்டின் தொழிற் கொள்கைத் தீர்மானம் வலியுறுத்தியது. ஆனால் தொழில்கள் வளர்ந்த விதமோ வேறு. லூதியானாவில் மிதிவண்டி, மொராதாபாத்தில் பித்தளைப் பாத்திரம், ஆக்ராவில் காலணி, பிரோசாபாத்தில் கண்ணாடி வளையல், மோர்பியில் பீங்கான் ஓடு, சூரத்தில் துணியும் வைரப் பட்டையும், திருப்பூரில் பின்னலாடை என ஒவ்வொரு தொழிலும் ஒரு சில ஊர்களில் திரண்டே வளர்ந்துள்ளது.

இவ்வாறு திரள்வது நாட்டின் ஏற்றத்தாழ்வைக் குறைக்குமா, கூட்டுமா? வளர்ச்சி நிர்வாகத்தில் ஈடுபட்டுள்ள ஒவ்வொருவரும் தெளிவு பெற வேண்டிய வினா இது.

குழுமம் என்பது யாது?

ஒரே தொழிலையோ, ஒன்றையொன்று சார்ந்த தொழில்களையோ செய்யும் பல நிறுவனங்கள் ஒரு வட்டாரத்தில் அருகருகே அமைந்திருப்பதைத் தொழிற் குழுமம் என்பர். ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரெட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட நூலிலேயே இதற்கான காரணங்களை விளக்கியுள்ளார். அவர் கூறிய நன்மைகள் மூன்று. முதலாவது, தேர்ந்த தொழிலாளர் ஓரிடத்தில் கிடைப்பது. இரண்டாவது, உதிரிப் பாகம், கருவி, பழுது பார்த்தல் போன்ற துணைத் தொழில்கள் அருகிலேயே தோன்றுவது. மூன்றாவது, ஒருவர் கண்ட புதிய முறை விரைவில் அனைவருக்கும் தெரிய வருவது.

இந்த நன்மைகள் எந்தத் தனி நிறுவனத்துக்கும் உரியவை அல்ல, ஊருக்கு உரியவை. ஆகவேதான் ஒரு தொழிற்சாலையை வேறிடத்துக்கு மாற்றுவது எளிதாயினும், ஒரு குழுமத்தை மாற்றுவது அரிதாக உள்ளது.

பஞ்சாப் தரும் சான்று

1947ஆம் ஆண்டின் பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து இடம்பெயர்ந்த விளையாட்டுப் பொருள் கைவினைஞர் பலர் ஜலந்தரில் குடியேறினர். அவர்கள் கொண்டுவந்தவை பெரிய இயந்திரங்களோ மூலதனமோ அல்ல. கைத்திறனும் வணிகத் தொடர்புமே. அவற்றைக் கொண்டே ஜலந்தர் நாட்டின் முதன்மையான விளையாட்டுப் பொருள் மையங்களுள் ஒன்றாயிற்று. மனிதரின் திறன் ஓரிடத்தில் சேர்ந்தால் தொழில் அங்கு வேரூன்றும் என்பதற்கு இது நல்ல சான்று.

லூதியானாவின் மிதிவண்டித் தொழிலும் இவ்வாறே சிறு பட்டறைகளை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது. 1956இல் அங்கு மிதிவண்டி உற்பத்தியைத் தொடங்கிய ஹீரோ நிறுவனம், 1986இல் உலகின் மிகப் பெரிய மிதிவண்டி உற்பத்தியாளர் எனக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. சட்டம், பெடல், ஆரக்கம்பி, மணி என ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்து தரும் சிறு நிறுவனங்கள் சூழ இருந்தமையால், ஒரே ஆலை எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டிய தேவை எழவில்லை.

குவியும் விசையும் பரவும் விசையும்

குழுமம் வளரும்போது இரண்டு விசைகள் செயற்படுகின்றன. இவற்றை சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் மிர்தால் 1957இல் தெளிவுபடுத்தினார். வளரும் மையம் சுற்றுப் பகுதிகளிலிருந்து மூலப்பொருள் வாங்குகிறது, வேலை அளிக்கிறது, தன் நுட்பத்தை அங்கும் பரப்புகிறது. இது பரவும் விசை. அதே மையம் பின்தங்கிய பகுதிகளிலிருந்து இளைஞரையும் சேமிப்பையும் வணிகத்தையும் தன்பால் ஈர்த்துக் கொள்கிறது. இது குவியும் விசை. பரவும் விசை தானாகவே மேலோங்கும் என எண்ணுவதற்கு இடமில்லை என்பதே மிர்தாலின் கருத்தாகும்.

இந்திய அனுபவமும் இதனை உறுதி செய்கிறது. ஒரே சந்தையும், மக்களும் முதலும் தடையின்றிச் செல்லும் வசதியும் உள்ள ஒரு நாட்டில், ஏழை மாநிலங்கள் விரைவாக வளர்ந்து செல்வ மாநிலங்களை நெருங்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆயினும் மாநிலங்களின் தனிநபர் வருமான வேறுபாடு விரிந்தே வந்துள்ளது என 2016-17ஆம் ஆண்டின் மைய அரசுப் பொருளாதார ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது. மக்களின் வாழ்நாள் எதிர்பார்ப்பு போன்ற நலக் குறியீடுகளில் மாநிலங்கள் ஒன்றையொன்று நெருங்கி வருவதையும் அவ்வறிக்கை குறிப்பிட்டது. தடுப்பூசியையும் மருத்துவ அறிவையும் எந்த ஊருக்கும் கொண்டு செல்லலாம். ஒரு குழுமத்தின் திறனை அவ்வாறு எடுத்துச் செல்வது கடினம். இவ்வேறுபாட்டுக்கு இது ஒரு முக்கிய காரணம் எனக் கருதலாம்.

விலையைச் சமமாக்கியதன் விளைவு

வட்டார இடைவெளியைக் குறைக்க அரசு மேற்கொண்ட முயற்சிகளுள் சரக்குக் கட்டணச் சமன்பாடு குறிப்பிடத்தக்கது. எஃகு நாட்டின் எப்பகுதியிலும் ஏறத்தாழ ஒரே விலைக்குக் கிடைக்குமாறு 1956 முதல் ஏற்பாடு செய்யப்பட்டது. தொலைவிலுள்ள பகுதிகளும் தொழில் தொடங்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

பிகார், மேற்கு வங்கம், ஒரிசா முதலிய கிழக்கு மாநிலங்கள் நிலக்கரிக்கும் இரும்புத் தாதுவுக்கும் அருகில் இருப்பதால் பெற்ற இயற்கையான ஆதாயத்தை இவ்வேற்பாடு பெருமளவு நீக்கிவிட்டது. ஜாம்ஷெட்பூரில் உருக்கிய எஃகு லூதியானாவிலும் அதே விலைக்குக் கிடைத்தது. ஆனால் மேற்குப் பகுதியில் விளைந்த பருத்திக்கு இத்தகைய சமன்பாடு செய்யப்படவில்லை. இழந்த ஆதாயத்துக்கு ஈடாகக் கிழக்கு மாநிலங்களில் திறன் மையங்களோ துணைத் தொழில்களோ போதிய அளவு உருவாக்கப்படவும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் இவ்வேற்பாடு கைவிடப்பட்டபோது, எஃகைப் பயன்படுத்தும் தொழில்கள் வேறிடங்களில் வேரூன்றிவிட்டிருந்தன.

மானியங்களின் அனுபவமும் வேறல்ல. பின்தங்கிய மாவட்டங்களில் தொழில் தொடங்குவோருக்கு 1971 முதல் மைய அரசு முதலீட்டு மானியம் வழங்கியது. 1978இல் பி. சிவராமன் தலைமையில் அமைந்த பின்தங்கிய பகுதிகள் வளர்ச்சித் தேசியக் குழு இதனை ஆராய்ந்தது. மானியத்தின் பெரும் பகுதி ஏற்கெனவே வளர்ந்த நகரங்களை அடுத்துள்ள சில மாவட்டங்களுக்கே சென்றதை அக்குழு கண்டது. 1955இல் தொடங்கிய தொழிற்பேட்டைத் திட்டத்திலும், பின்தங்கிய பகுதிகளில் எழுப்பப்பட்ட கொட்டகைகள் பல நெடுநாள் காலியாகவே இருந்தன. விலைச் சலுகையாலும் கட்டடத்தாலும் மட்டும் குழுமம் உருவாவதில்லை என்பதே இவை தரும் பாடம்.

பொதுச் சுமையைப் பகிர்தல்

குழுமத்தின் நன்மை பொதுவானது போலவே அதன் தீங்கும் பொதுவானது. சிறு நிறுவனம் ஒவ்வொன்றும் வெளியேற்றும் புகையும் கழிவுநீரும் தனித்தனியே சிறிதாகத் தோன்றலாம். நூற்றுக்கணக்கானவை சேரும்போது வட்டாரம் முழுவதும் பாதிக்கப்படுகிறது.

தாஜ்மகாலைச் சூழ்ந்த பகுதியிலுள்ள தொழில்கள் நிலக்கரியைக் கைவிட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், அல்லது இடம்பெயர வேண்டும் என 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரோசாபாத்தும் இந்த எல்லைக்குள் அடங்கும். அங்குள்ள சிறு கண்ணாடி உலைகளுக்கு எரிவாயுக் குழாய் மட்டும் போதுமானதாக இல்லை. எரிவாயுவுக்கேற்ற உலை வடிவமும் தேவைப்பட்டது. டெரி ஆய்வு நிறுவனம் சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி உதவியுடன் அத்தகைய உலையை வடிவமைத்து ஓர் ஆலையில் இயக்கிக் காட்டியது. அதன் பின்னர் மற்றவர்களும் அதனைப் பின்பற்றினர். எந்தச் சிறு உற்பத்தியாளராலும் தனியே செய்ய இயலாத ஆய்வு, பொது முயற்சியால் கைகூடியது.

மோர்பியில் நிலக்கரி வாயு கலன்களை மூடுமாறு 2019 மார்ச் மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டதைத் தொடர்ந்து, ஓட்டுத் தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறின. திருப்பூரில் சாயக் கழிவு நொய்யல் ஆற்றையும் பாசன நிலங்களையும் கெடுத்தமையால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பின்னரே அவை இயங்க முடிந்தது. நீதிமன்றம் தலையிடும் வரை காத்திருப்பதால் ஏற்படும் இழப்பை உழவரும் தொழிலாளரும் முதலில் சுமக்கின்றனர். பொதுச் சுத்திகரிப்பு வசதி குழுமம் வளர்ந்த பின் சேர்க்கும் அலங்காரம் அன்று. அதன் அடித்தளத்தின் ஒரு பகுதியாகும்.

தொழிலாளரை அனுப்பும் மாவட்டம்

சூரத்தின் விசைத்தறிகளில் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தைச் சேர்ந்தோர் பல பத்தாண்டுகளாகப் பணியாற்றி வருகின்றனர். அவர்கள் அனுப்பும் பணம் அம்மாவட்டக் குடும்பங்களுக்குப் பெரும் ஆதரவு. ஆனால் அவர்கள் கற்ற தொழில் சூரத்திலேயே தங்கிவிடுகிறது. 2020இல் ஊரடங்கின்போது பெருந்திரளானோர் ஊர் திரும்பினர். தறித் தொழில் அறிந்த கைகள் கஞ்சத்தில் இருந்தன. அக்கைகளுக்குத் தறியோ, நூல் வணிகரோ, பழுது பார்ப்போரோ அங்கில்லை. ஒரு குழுமத்தின் உண்மையான செல்வம் எது என்பதை இந்நிகழ்வு விளக்குகிறது.

நிர்வாகத்தின் பணி

1978இல் தொடங்கப்பட்ட மாவட்டத் தொழில் மையங்கள், பின்னர் வந்த குழும வளர்ச்சித் திட்டங்கள், உத்தரப் பிரதேசம் 2018இல் தொடங்கிய ‘ஒரு மாவட்டம், ஒரு பொருள்’ திட்டம் ஆகியவை இத்துறையில் அடுத்தடுத்த படிகளாகும். 2018 ஜனவரியில் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டம், பல துறைகளின் திட்டங்களை மாவட்ட அளவில் ஒருங்கிணைப்பதைத் தன் முதற் கொள்கையாக ஏற்றது. ஒருங்கிணைப்பு என்பது கோப்புகளை ஒரே மேசையில் சேர்ப்பதோடு முடிவதன்று. சாலை ஒரு துறையாலும், பயிற்சி மற்றொரு துறையாலும், கடன் வங்கியாலும் வெவ்வேறு ஆண்டுகளில் வருமாயின் ஒன்றால் மற்றொன்றுக்குப் பயன் விளையாது.

ஆகவே குழுமத்தை வளர்க்க முனையும் அலுவலர் முதலில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அவ்வட்டாரத்தில் ஏற்கெனவே உள்ள திறன் எது, அது எந்த நிலையில் நின்றுவிட்டது என அறிதல் வேண்டும். தரச் சோதனைக் கூடம், கருவிப் பட்டறை, சுத்திகரிப்பு நிலையம் போன்றவற்றில் எதனைத் தனி உற்பத்தியாளரால் அமைக்க இயலாதோ அதற்கே பொதுப் பணத்தைச் செலவிடுதல் வேண்டும். அவ்வசதியை நடத்தும் பொறுப்பில் உற்பத்தியாளர்களையே ஈடுபடுத்துதல் வேண்டும். வெளியூர் சென்று தொழில் கற்றுத் திரும்புவோருக்குக் கடனும் இடமும் சந்தைத் தொடர்பும் ஒரே காலத்தில் கிடைக்கச் செய்தல் வேண்டும்.

குழுமங்கள் இயல்பாகவே வலிமையை ஓரிடத்தில் சேர்க்கும் தன்மை கொண்டவை. அதனைத் தடுப்பது வளர்ச்சியைத் தடுப்பதாகும். அதனை அதன் போக்கில் விட்டுவிடுவது இடைவெளியை விரிப்பதாகும். திறனும் பொது வசதியும் அடுத்த மாவட்டத்துக்குச் செல்லும் வழியை அமைத்துத் தரும்போதுதான் ஓர் ஊரின் வளம் ஒரு வட்டாரத்தின் வளமாக மாறும்.