சேவையகத்திலிருந்து வேறொரு மொழிச் செய்நிரலை இயக்குதல்

இணையத்தளம் ஒன்றின் எல்லாப் பகுதிகளும் ஒரே செய்நிரலாக்க மொழியில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என எண்ண வேண்டாம். பக்கத்தைத் தயாரிக்கும் செய்நிரல் பீ.எச்.பி. மொழியிலும் கணித்தலைச் செய்யும் செய்நிரல் பைதன் மொழியிலும் இருக்கலாம். இம்முறை புதியதன்று. சேவையகம் வெளிச் செய்நிரல்களை இயக்குவதற்கான சீ.ஜீ.ஐ. எனும் ஒழுங்கு 1993 இல் உருவானது. பீ.எச்.பி. மொழியே 1994 இல் ராஸ்மஸ் லேடோர்ஃப் சீ மொழியில் எழுதிய சீ.ஜீ.ஐ. செய்நிரல்களிலிருந்து வளர்ந்ததாகும்.

பின்வரும் உதாரணத்தை நோக்குக. மாணவர் ஒருவர் மூன்று பாடங்களின் புள்ளிகளை இணையப் பக்கத்தில் உள்ளிடுகிறார். பீ.எச்.பி. செய்நிரல் அவற்றைப் பெற்று, "ஷெல்_எக்செக்" எனும் சார்பின் மூலம் பின்வரும் கட்டளையைப் பணிசெயல் முறைமைக்கு வழங்குகிறது.

பைதன் மொத்தம்.பை 60 54 81

(கூட்டலுக்கு இத்தனை சுற்று எதற்கு என்று கேட்பீர்கள். பீ.எச்.பி.யிலேயே ஒரு வரியில் கூட்டலாம்; விளங்குவதற்காகவே எளிய உதாரணம் தரப்பட்டுள்ளது.)

இவை தனித்தனியாக இயங்கும் இரு செய்நிரல்கள். ஒன்றின் மாறிகளை மற்றையது அறியாது. கட்டளை வரியில் அனுப்பப்படுபவை பைதனுக்குச் சரங்களாகவே சென்றடையும். அவற்றை நிறைவெண்ணாக மாற்றாமல் கூட்டினால் விடை 195 அன்று, 605481 ஆகும்! பைதன் திரையில் அச்சிடுவதாக எழுதிய விடை, பீ.எச்.பி.க்கு மீண்டும் ஒரு சரமாக வந்து சேரும்.

இனி மிக முக்கியமான பகுதி. புள்ளிக்குரிய பெட்டியில் ஒருவர் 81 என்பதற்குப் பதிலாக, 81 இற்குப் பின் ஓர் அரைப்புள்ளியையும் கோப்புகளை அழிக்கும் கட்டளையையும் தட்டச்சு செய்தால் என்ன நிகழும்? லினக்ஸ் சேவையகத்தின் ஷெல், அரைப்புள்ளியில் ஒரு கட்டளை முடிந்தது எனக் கொள்ளும். எஞ்சிய பகுதியைப் புதிய கட்டளையாக நிறைவேற்றும். எனவே பெறப்பட்டது 0 முதல் 100 வரையான எண்தானா எனச் சேவையகத்திலேயே சோதிக்க வேண்டும். மேலோடியில் செய்யும் சோதனையைத் தவிர்த்துச் செல்வது எளிது. அதன் பின்னர் "எஸ்கேப்ஷெல்ஆர்க்" சார்பினால் உள்ளீட்டை மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும். இரண்டும் தேவை.

இது கற்பனை அச்சமன்று. 2014 செப்டெம்பரில் பாஷ் எனும் ஷெல்லில் "ஷெல்ஷொக்" எனும் வழு வெளிப்பட்டது. சீ.ஜீ.ஐ. முறையில் மேலோடி அனுப்பும் விபரங்கள் சூழல் மாறிகளாக வெளிச் செய்நிரலுக்குக் கொடுக்கப்படுகின்றன. அவ்விபரங்களுக்குள் கட்டளைகளை ஒளித்து அனுப்பியவர்களால், பாஷ் பயன்பட்ட சேவையகங்களில் தாம் விரும்பியதை இயக்க முடிந்தது.

வினா: கட்டளை வரியில் சரியாக இயங்கும் பைதன் செய்நிரல், இணையப் பக்கத்தினூடாக இயக்கும்போது வெறும் பக்கத்தையே தருகிறது. இரு காரணங்கள் தருக.

விடை: (1) சேவையகம் வேறொரு பயனர் கணக்கில் இயங்குவதால் அக்கோப்பை வாசிக்க அனுமதி இல்லாதிருக்கலாம். (2) சேவையகம் வேறொரு கோப்புறையிலிருந்து இயங்குவதால் கோப்பைக் கண்டுபிடிக்க முடியாதிருக்கலாம். முழுப் பாதையையும் எழுத வேண்டும். "செய்நிரல் பிழை" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது. பைதனின் வழுச் செய்தி வேறு வழியாக வெளியேறுவதால் ஷெல்_எக்செக் அதைத் திருப்பித் தருவதில்லை; பக்கம் வெறுமையாக இருப்பது அதனாலேயே.