லேபிள் எழுத்தும் பேசும்! தேய்ந்த சாய்வெழுத்து எங்கே நல்லது, எங்கே ஆபத்து?



நம் கூட்டமைப்பில் ஒரு குழு சாம்பார் பொடிக்குப் புது ஸ்டிக்கர் அடித்தது. டி.டி.பி. சென்டரில் காட்டிய ஒரு எழுத்து எல்லோருக்கும் பிடித்துப்போச்சு. வலது பக்கம் சாய்ந்து, ஓரமெல்லாம் உதிர்ந்து, பழைய சுவர் விளம்பரம் மாதிரி இருந்தது. பெயர், விலை, தேதி எல்லாவற்றையும் அதே எழுத்தில் போட்டார்கள். மாதிரியைப் பார்த்த நாங்களும் "நல்லா இருக்கே" என்றுதான் சொன்னோம். 2,000 ஸ்டிக்கர் அடித்தாயிற்று.

கண்காட்சியில் கடை போட்டபோது வம்பு வந்தது. 80 ரூபாய் பாக்கெட்டுக்கு ஒரு அம்மா 30 ரூபாயை நீட்டினார். "இதுல 30ன்னுதானே போட்டிருக்கு? எதுக்கு 80 கேக்கறீங்க?" என்றார். வாங்கிப் பார்த்தால், 8-ன் இடது பக்கம் உதிர்ந்து 3 போலவே தெரிந்தது! அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி தவறு. அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியுமா? மீதி ஸ்டிக்கர் எல்லாம் வீண். போனது குழுவின் சேமிப்புப் பணம். இதில் எங்கள் தப்பும் உண்டு. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

இது என்ன எழுத்து?

சாய்வெழுத்து இன்று நேற்று வந்ததல்ல. இத்தாலியில் வெனிஸ் நகரத்து அச்சகர் ஆல்டஸ் மனூஷியஸ் 1501-ல் சாய்வெழுத்தில் முழுப் புத்தகமே அச்சிட்டார். அந்தக் காலத்தில் படித்தவர்கள் கையால் எழுதிய எழுத்தைப் பார்த்துச் செய்தது அது. இன்றும் சாய்வெழுத்தைப் பார்த்தால் கையால் எழுதியது போல ஒரு நெருக்கம் தோன்றும்.

தேய்ந்த எழுத்தின் கதை வேறு. முன்பு பெரிய சுவரொட்டிகளுக்கு மரத்தில் செதுக்கிய எழுத்துகளை வைத்து அச்சடித்தார்கள். பல வருடம் அடிபட்டு அவை தேய்ந்துபோகும், மூலை உடையும். மை படாத இடம் வெள்ளையாகத் தெரியும். அன்று குறையாக இருந்ததை இன்று கம்ப்யூட்டரில் வேண்டுமென்றே செய்கிறார்கள். ஏன்? பழமை, நாட்டுப்புறம், கைவேலை என்ற எண்ணத்தை அது பார்த்தவுடன் கொடுக்கிறது.

எங்கே போடலாம்?

செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, ஊறுகாய், பனை ஓலைக் கூடை போன்ற பொருளுக்கு இது பொருந்தும். ஆனால் பொருளின் பெயருக்கு மட்டும், அதுவும் பெரிதாக, இரண்டு மூன்று வார்த்தைக்குள் போட வேண்டும். பட்டுச்சேலைக்குச் சரிகைக் கரை மாதிரி இது. சேலை முழுக்கச் சரிகை போட்டால் யார் கட்டுவது?

எங்கே கூடவே கூடாது?

1. விலை, எடை, தயாரித்த தேதி, காலாவதி தேதி. 8 என்பது 3 ஆகும், 6 என்பது 0 ஆகும், 7 என்பது 1 ஆகும்.

2. என்னென்ன சேர்த்திருக்கிறோம் என்ற பட்டியல். கடலை, எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைப் படித்துத்தான் வாங்குவார்கள். ஒரு வார்த்தை தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

3. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், நம் முகவரி, போன் நம்பர்.

பாக்கெட் பொருளில் இந்த விவரங்கள் தெளிவாக, பின்னணி நிறத்திலிருந்து எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பது சட்டம். இவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே தமிழிலும் போடலாம்.

தமிழுக்குக் கூடுதல் கவனம்

நம் எழுத்தில் புள்ளிதான் உயிர். 'உப்பு' என்பதில் புள்ளி உதிர்ந்தால் 'உபபு' ஆகிவிடும். பெரும்பாலும் நேரான தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே சாய்க்கிறார்கள். அப்போது கி, கீ போன்றவற்றின் மேல் சுழி பக்கத்து எழுத்தின் மேல் போய் இடிக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் சின்னச் சின்ன வெள்ளை ஓட்டைகளை மை அடைத்துவிடும். கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்தது பாக்கெட்டில் அழுக்கு மாதிரி தெரியும்.

அச்சடிக்கும் முன் நான்கு சோதனை

• செல்போனில் வரும் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உண்மையான அளவில் ஒரு தாள் அடித்து வாங்குங்கள்.

• அதை பாக்கெட்டில் ஒட்டி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் படியுங்கள்.

• குழுவில் வயதான அக்கா ஒருவரிடம் கொடுத்து, விலையையும் தேதியையும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் எழுத்தை மாற்றுங்கள்.

• "இந்த எழுத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி இருக்கா?" என்று கேளுங்கள். சில எழுத்துகள் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம்.

அந்தக் குழு இப்போது என்ன செய்திருக்கிறது தெரியுமா? 'சாம்பார் பொடி' என்ற பெயர் மட்டும் அதே தேய்ந்த சாய்வெழுத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் நேரான, தடித்த கறுப்பு எழுத்து. முதலில் 100 ஸ்டிக்கர் மட்டும் அடித்துப் பார்த்தார்கள். விலையைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பாக்கெட் கொண்டு வாருங்கள். பெயர் எந்த எழுத்தில் இருக்கு, விலை எந்த எழுத்தில் இருக்கு என்று பார்த்துப் பேசுங்கள். பிறகு நம் குழுவின் லேபிளை நடுவில் வைத்து, முன்பின் தெரியாத ஒருவர் வாங்க வந்தது போல் படித்துப் பாருங்கள். தெரிந்துகொண்டதைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

அழகு கூப்பிடும், தெளிவுதான் வாங்க வைக்கும்.