இரவில் வாய் திறக்கும் செடிகள்



ஒரு கோடை விடுமுறையில் என் தமக்கை மகள் உதகமண்டலத்திலிருந்து ஒரு சிறு தொட்டிச் செடி வாங்கி வந்தாள். பச்சைக் கல்லில் செதுக்கிய ரோஜாப்பூப் போலத் தடித்த இலைகள் அடுக்கடுக்காக அமைந்த செடி. 'எச்செவேரியா' என்பது அதன் பெயர். அப்போது மே மாதம். கத்திரி வெயில் கொளுத்திக் கொண்டிருந்தது. செடி வாடிவிடுமே என்ற கவலையில் அவள் காலையும் மாலையும் தவறாமல் நீர் ஊற்றினாள். இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் நண்பகலிலும் ஒரு செம்பு ஊற்றினாள். இரண்டு வாரம் ஆவதற்குள் அடித்தண்டு கூழாகிவிட்டது. தொட்டவுடன் செடியின் தலை கையோடு வந்துவிட்டது.

அதே வீட்டின் சுற்றுச்சுவர்மேல் ஒரு பிரண்டைக் கொடி படர்ந்திருந்தது. பொங்கலுக்குப் பிறகு அதற்கு யாரும் ஒரு சொட்டு நீர் விட்டதில்லை. அது இலைகளை உதிர்த்துவிட்டு, சற்றே சுருங்கிய நாற்கோணத் தண்டோடு பேசாமல் கிடந்தது. கோடை மழை ஒன்று பெய்ததும் கணுவுக்குக் கணு துளிர்த்துவிட்டது.

"தண்ணீர் ஊற்றிய செடி செத்துப்போச்சு, ஊற்றாத செடி பிழைச்சிருக்கு. இது என்ன நியாயம் மாமா?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி அல்லவா? அதற்கு விடை காண்போம். விடை தெரிந்தால், கடும் கோடையிலும் மொட்டை மாடியில் பசுமையாக ஒரு தோட்டம் வளர்க்கும் வழியும் தெரிந்துவிடும்.

வாயைத் திறந்தால் நீர் போகும்

இலையிலோ தண்டிலோ நீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும் செடிகளைச் சதைப்பற்றுத் தாவரங்கள் என்கிறோம். சோற்றுக் கற்றாழை, ரணகள்ளி, பிரண்டை, சதுரக் கள்ளி, சப்பாத்திக் கள்ளி ஆகியவை நீங்கள் அறிந்தவை.

சேமித்த நீரைக் காப்பாற்றுவதுதான் இவற்றின் பெரிய சிக்கல். ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டும். அது இலைத்துளைகள் வழியாகத்தான் உள்ளே வர முடியும். ஆனால் இலைத்துளை திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும். நெல், கோதுமை போன்ற பயிர்கள் பகலில்தான் துளைகளைத் திறக்கின்றன. இத்தகைய செடிகள் ஒரு கிராம் கரியமில வாயுவைப் பெறுவதற்குச் சுமார் 400 முதல் 500 கிராம் நீரை இழக்கின்றன. வயலில் நீர் நிற்கும்போது இந்தச் செலவு பெரிதன்று. பாறை இடுக்கில் முளைத்த செடிக்கு இது கட்டுப்படியாகுமா?

சதைப்பற்றுச் செடிகள் பல இதற்கு ஒரு தந்திரம் செய்கின்றன. பகலில் இலைத்துளைகளை மூடிவிடுகின்றன. கதிரவன் மறைந்து காற்று குளிர்ந்த பிறகு திறக்கின்றன. அதனால் ஒரு கிராம் கரியமில வாயுவுக்கு இவை இழக்கும் நீர் 50 முதல் 100 கிராம்தான்.

ரணகள்ளியைச் சுவைத்தவர்

இரவில் வெளிச்சம் இல்லையே, ஒளிச்சேர்க்கை எப்படி நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். இதற்கான முதல் தடயங்களுள் ஒன்று நம் நாட்டுத் தோட்டம் ஒன்றில் கிடைத்தது. ஜெர்மனியில் பிறந்து, தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாராகப் பணியாற்றியவர் பெஞ்சமின் ஹெய்ன். அவர் தம் தோட்டத்து ரணகள்ளி இலையைக் காலையில் மென்று பார்த்தார், நன்றாகப் புளித்தது. நண்பகலில் பார்த்தார், சுவையே இல்லை. மாலையில் இலேசாகக் கசந்தது. இதை அவர் ஒரு கடிதமாக எழுத, அது 1815ஆம் ஆண்டில் லண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று.

அந்தப் புளிப்பின் வேதியியல் முழுவதும் விளங்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இரவில் உள்ளே வரும் கரியமில வாயுவைச் செடி மாலிக் அமிலமாக மாற்றி, செல்களிலுள்ள நீர்ப்பைகளில் அடைத்து வைக்கிறது. விடிந்ததும் துளைகளை மூடிக்கொள்கிறது. பின்னர் அமிலத்திலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, வெயிலைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. அமிலம் செலவாகச் செலவாகப் புளிப்புக் குறைகிறது. சந்தையில் இரவே சரக்கு வாங்கி வைத்துக்கொண்டு, பகலில் கதவைச் சாத்திவிட்டுச் சமைப்பது போன்றது இது. ரணகள்ளி 'கிராசுலேசி' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே இம்முறைக்குக் 'கிராசுலேசிய அமில வளர்சிதை மாற்றம்' என்று பெயர் வந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைந்துவிடுவோம். இச்செடிகள் இரவு முழுவதும் பிராணவாயுவைத் தருகின்றன என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அது சரியன்று. இரவில் இவை பெறுவது கரியமில வாயு. பிராணவாயு உண்டாவது ஒளி பட்டு நீர் பிளவுறும்போதுதான். அது பகலில் நடப்பது.

செடி ஏன் அழுகியது?

இப்போது தமக்கை மகளின் கேள்விக்கு வருவோம். எச்செவேரியா இனங்கள் பலவற்றின் தாயகம் மெக்சிகோ நாட்டின் மலைப்பகுதிகள். அங்கே பகலில் வெயில் கடுமையாக இருந்தாலும் இரவு குளிர்ந்துவிடும். நம் சமவெளியில் மே மாத இரவு எப்படி இருக்கிறது? சென்னையில் இரவிலும் வெப்பம் 27, 28 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்காத நாட்கள் பல. இரவும் புழுங்கினால் இத்தகைய செடிகள் கரியமில வாயு பெறுவது மிகவும் குறைந்துவிடுகிறது. வளர்ச்சி நின்று, செடி ஓய்வுக்குப் போகிறது. ஓய்வில் உள்ள செடி நீரைக் குடிக்காது.

குடிக்காத நீர் எங்கே போகும்? மண்ணிலேயே தேங்கும். வேருக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். வெப்பம் ஏற ஏற வேர் அதிகமாகச் சுவாசிக்கிறது. ஆனால் ஈர மண்ணில் காற்றுக்கு இடமில்லை. வேர் திணறிச் சாகிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் பூஞ்சைகள் பெருகி, செத்த வேரின் வழியே தண்டுக்குள் புகுந்துவிடுகின்றன. ஆக, அந்தச் செடியைக் கொன்றது வெயில் மட்டுமன்று. வெயிலுக்கு அஞ்சி ஊற்றிய நீர்.

பிரண்டையோ இந்நாட்டு வறட்சிக்குப் பழகியது. அதன் தண்டு இரவில் கரியமில வாயுவைச் சேமிக்கும் வகை. நீரைப் பெரிதும் வீணாக்கும் இலைகளை அது முதலில் உதிர்த்துவிடுகிறது. வறட்சி முற்றினால் இத்தகைய செடிகள் பகல், இரவு இரண்டிலும் துளைகளை மூடிக்கொண்டு, தாம் சுவாசித்து வெளியிடும் கரியமில வாயுவையே திரும்பப் பயன்படுத்தி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

எந்தச் செடிகளை வளர்க்கலாம்?

மலைநாட்டுச் செடிகளை விடுத்து, கோடையைத் தாங்குபவற்றைத் தேர்ந்தெடுங்கள். பிரண்டை, மருள், கள்ளிமுளையான், சதுரக் கள்ளி ஆகியவை நம் வறண்ட காடுகளிலும் குன்றுகளிலும் தாமே வளர்பவை. அரேபியப் பகுதியிலிருந்து வந்த சோற்றுக் கற்றாழையும், மெக்சிகோவிலிருந்து வந்த ஆனைக் கற்றாழையும் நன்றாக நிலைத்துவிட்டன.

'கள்ளி' என்ற பெயரைப் பற்றி ஒரு சொல். சதுரக் கள்ளியும் சப்பாத்திக் கள்ளியும் உறவினரல்ல. முன்னது ஆமணக்கின் குடும்பம். ஒடித்தால் பால் வடியும். பின்னது அமெரிக்கக் கண்டத்துக் கள்ளிக் குடும்பம். அதில் பால் இல்லை. வெவ்வேறு கண்டங்களில் ஒரே வகை வறட்சியைச் சந்தித்ததால் இரண்டும் ஒரே வகை உருவத்தைப் பெற்றன. சதுரக் கள்ளியின் பால் நச்சுத்தன்மை உடையது. கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு வரலாம். ஆகவே பெரியவர் துணையின்றி அதை வெட்டாதீர்கள். சிறு குழந்தைகள் விளையாடும் இடத்தில் அதை வைக்கவும் வேண்டாம்.

வளர்க்கும் முறை

தொட்டி: அடியில் துளையுள்ள மண்தொட்டியே சிறந்தது. அதன் சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால், பானைத் தண்ணீர் குளிர்வது போல மண்ணும் குளிர்கிறது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் சுட்டு வேரை வேகவைத்துவிடும்.

மண்: செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, பட்டாணி அளவு உடைத்த செங்கல் ஒரு பங்கு. இவற்றுடன் நன்றாக மக்கிய எரு ஒரு கைப்பிடி. களிமண்ணும் கரிசல் மண்ணும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கடல் மணலில் உப்பு உண்டு, இவை ஆகா. துளையின்மேல் ஓர் ஓட்டுச் சில்லை வைத்தால் போதும். அடியில் ஜல்லியைப் பரப்பி, மேலே களிமண்ணை நிரப்புவதால் பயன் இல்லை. களிமண் நீரைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

நடுதல்: பிரண்டையின் கணுத் துண்டையோ, கற்றாழையின் பக்கக் கன்றையோ எடுத்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வையுங்கள். ஒரு வாரம் ஆகலாம். காயாத வெட்டுவாய், பூஞ்சைக்குத் திறந்து வைத்த கதவு. நட்டபின் சில நாட்கள் கழித்தே நீர் விடுங்கள்.

வெயில்: நிழலில் வளர்ந்த செடியைத் திடீரென மே மாத வெயிலில் வைத்தால் இலை வெந்து வெள்ளைத் தழும்பு விழும். முதல் வாரம் காலை வெயில் மட்டும். பிறகு நாளுக்கு நாள் சிறிது கூடுதல் என்று பழக்க வேண்டும். கள்ளி, ஆனைக் கற்றாழை இனங்கள் பல, படிப்படியாக வெப்பத்துக்குப் பழகிய பின் திசுக்களின் வெப்பம் 60 டிகிரி செல்சியசை எட்டினாலும் ஒரு மணி நேரம் தாங்கும் என்று அமெரிக்க அறிவியலார் பார்க் நோபெல் ஆய்ந்து காட்டியுள்ளார். பழக்கத்தின் வலிமையைப் பாருங்கள்! மற்றச் செடிகளுக்குப் பிற்பகலில் தென்னங்கீற்று நிழல் போதும். வெயிலில் கற்றாழை செம்பழுப்பாக மாறினால் அஞ்ச வேண்டாம்; கடும் ஒளியைத் தாங்க அது நிறமிகளை உண்டாக்கிக்கொள்கிறது.

நீர்: நாட்காட்டியைப் பார்த்து ஊற்றாதீர்கள், மண்ணைப் பார்த்து ஊற்றுங்கள். தென்னை ஈர்க்கு ஒன்றை மண்ணில் ஆழமாகச் செருகி எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் நீர் வேண்டாம். உலர்ந்து வந்தால், அடித்துளை வழியே வடியும்வரை நன்றாக ஊற்றி, மறுபடி உலரும்வரை விட்டுவிடுங்கள். கோடையில் இது பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை ஆகலாம். ஊற்றும் வேளை மாலை. அப்போது மண் குளிர்ந்திருக்கும். செடியும் வாய் திறக்கும் நேரம்.

செடி பேசும் மொழியையும் கற்றுக்கொள்ளுங்கள். இலை மெலிந்து சுருங்கி, ஆனால் உறுதியாக இருந்தால் அது தாகம். இலை மஞ்சளாகி, கண்ணாடி போல் ஒளி ஊடுருவ, தொட்டால் கொழகொழவென்றிருந்தால் அது நீர் மிகுதி. தமக்கை மகள் இரண்டாவதை முதலாவதாக நினைத்துவிட்டாள். அவள் அன்பில் குறையில்லை, மொழிதான் தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கை

எளிதில் சாகாத செடி எளிதில் அடங்காத செடியும் ஆகலாம். சிவப்புச் சாயம் தரும் கோச்சினீல் பூச்சியை வளர்ப்பதற்காக, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் மருத்துவர் சென்னை சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டம் அமைத்தார். சாயத்தொழில் நிலைக்கவில்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக் கள்ளி இனங்கள் தென்னிந்தியாவில் தரிசுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் பரவிப் பெருந்தொல்லையாயின. 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஒரு வகைக் கோச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது பெருமளவு அடங்கியது. ரணகள்ளியும் இலை விளிம்பிலிருந்தே கன்று விடும். எனவே வெட்டிய துண்டுகளை ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வீசாதீர்கள்.

செய்து பாருங்கள்

ஹெய்ன் கண்டதை நீங்களும் காணலாம். ஆனால் இலையைச் சுவைக்க வேண்டாம். ரணகள்ளி இனச் செடிகளில் இதயத்தைத் தாக்கும் பொருள்கள் உண்டு. பொழுது விடியும் முன் 5 கிராம் இலையைப் பறித்து, உடனே 50 மில்லி லிட்டர் நீரில் ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். ஆறியபின் நசுக்கி, வடிகட்டி, புட்டியில் ஊற்றி மூடி வையுங்கள். நல்ல வெயில் அடித்த அன்று மாலை, அதே செடியிலிருந்து 5 கிராம் இலை பறித்து அதே போலச் செய்யுங்கள். மறுநாள் பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் முன்னிலையில், இரண்டு வடிநீரிலும் சம அளவு எடுத்து, பினாப்தலீன் இரண்டு சொட்டு சேருங்கள். நீர்த்த சோடியம் ஹைடிராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் நிலைக்க எத்தனை சொட்டுத் தேவைப்படுகிறது என்று எண்ணுங்கள். எந்த வடிநீருக்கு அதிகம்? ஏன்? குறிப்பேட்டில் எழுதுங்கள்.

தமக்கை மகள் இப்போது மாடியில் ஆறு தொட்டிகள் வைத்திருக்கிறாள். மாலையில் ஈர்க்கைச் செருகிப் பார்க்கிறாள். பெரும்பாலான நாட்களில் செம்பை அப்படியே கீழே கொண்டுவந்துவிடுகிறாள். குடிநீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கும் ஊர்களில் அந்த ஒரு செம்பும் மிச்சம்தானே!