மனநல மருத்துவர் பதில்கள்

கேள்வி: நாலு மாதமாகத் தம்பி அறையை விட்டு வெளியே வருவதில்லை. சோற்றில் விஷம் என்கிறான், சாப்பிடாமல் எலும்பும் தோலுமாகிவிட்டான். போன வாரம் அம்மாவை அடித்துவிட்டான். ஒரு போன் போட்டால் ஆட்கள் வந்து ஊசி போட்டுத் தூக்கிப்போவார்களாமே, கூப்பிடலாமா? (மதுரை வாசகி)

பதில்: கூடாது. இதே கடிதம் ஊர் மாறி ஊர் வந்துகொண்டே இருக்கிறது. ராத்திரி நாலு பேர் கதவை இடித்து நுழைகிறார்கள். என்ன மருந்து, எவ்வளவு, பையனுக்கு இதயக்கோளாறு உண்டா? கேட்க ஆளில்லை. அப்படித் தூக்கிவரப்பட்டவர்களை வார்டில் பார்க்கிறேன். மணிக்கட்டில் கயிற்றுத் தடம். நோய் தணிந்த பிறகும் மாத்திரையை நீட்டினால் கையை இழுத்துக்கொள்கிறார்கள். கூடப்பிறந்தவர்களோடு பேச்சு நின்றே போகிறது.

‘அவன் சம்மதிக்காமல் சட்டம் விடாதே’ என்பவர்கள் சட்டத்தைப் படித்ததில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 89. தன்னையோ பிறரையோ தாக்குகிறார் அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்றால், உறவினர் நியமனப் பிரதிநிதியாக விண்ணப்பிக்கலாம். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ ஒருவரும் தனித்தனியே பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். 30 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். 7 நாளுக்குள், பெண்கள், சிறுவர்கள் என்றால் 3 நாளுக்குள், மனநல சீராய்வு மன்றத்துக்கு மருத்துவமனை தெரிவித்தாக வேண்டும். உங்கள் தம்பி அங்கே முறையிடலாம். அதை அவனிடம் நீங்களே சொல்லுங்கள்.

உயிருக்கே ஆபத்தென்றால் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் வீட்டிலேயே அவசர சிகிச்சை தரலாம், மருத்துவமனைக்கும் அனுப்பலாம். உச்சவரம்பு 72 மணி நேரம். மருத்துவர் என்றேன், வேனில் வரும் தடியர்கள் என்று சொல்லவில்லை. 108ஐக் கூப்பிடுங்கள். என்ன செய்வதென்று புரியாவிட்டால் மனநல உதவி எண் 14416இல் கேளுங்கள்.

கேள்வி: மனைவி எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிறாள். மனநோய் என்று சர்டிபிகேட் கிடைக்குமா? விவாகரத்துக்கு வேண்டும்.

பதில்: கிடைக்காது. வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: மாமனாரைத் தர்காவில் கட்டிவைத்தால் குணமாகும் என்கிறார்கள்.

பதில்: 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடி தர்கா அருகே கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். பிரிவு 95 சங்கிலியை அடியோடு தடை செய்கிறது. தொழுகையை யாரும் தடுக்கவில்லை. அழைத்துப் போங்கள், சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்து மாத்திரை கொடுங்கள்.

கேள்வி: பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கிழிந்த துணியோடு திரிகிறார். ‘எங்கள் வேலையில்லை’ என்கிறது போலீஸ்.

பதில்: அவர்கள் வேலைதான். பிரிவு 100ஐச் சொல்லுங்கள். பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது.

கேள்வி: எனக்கு பைபோலார். இப்போது நன்றாக இருக்கிறேன். மறுபடி வந்தால் கணவர் இஷ்டத்துக்கு எதுவும் நடந்துவிடுமோ என்று பயம்.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, தெளிவாக இருக்கும்போது கேட்டீர்கள் பாருங்கள், இதுதான் சரியான நேரம். எந்த சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், உங்களுக்காக யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க பிரிவு 5 இடம் தருகிறது. அவசர சிகிச்சையை மட்டும் நீங்கள் எழுதியது கட்டுப்படுத்தாது. ஆனால் ஷாக் சிகிச்சையை அவசரம் என்று சொல்லிக் கொடுக்கவே முடியாது. கணவர் பெயரைத்தான் போட வேண்டும் என்றில்லை, அக்காவைப் போடலாம். எழுதியதில் ஒரு பிரதி உங்கள் டாக்டரின் ஃபைலில் இருக்கட்டும்.