வேதபாடம்: பாலம் கட்டினவருக்கும் ஒரு பாலம் வேண்டும்

வாசிக்க: யோவான் 20:24-29, மத்தேயு 27:3-5, எபேசியர் 2:8-10



மயிலாப்பூரிலிருந்து பரங்கிமலைக்குப் போகிறவர்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கிறார்கள். ஆற்றின் அக்கரையில் சின்னமலை. அப்போஸ்தலனாகிய தோமா கி.பி. 52-ல் கேரளக் கரையில் வந்து இறங்கி, பின்பு நம் ஊரிலே ஊழியம் செய்து, 72-ல் பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தான் என்பது நம் முன்னோர் வழிவழியாய்ச் சொல்லிவந்த செய்தி. இது வேதத்தில் எழுதப்படவில்லை, பாரம்பரியமாய் வந்தது. சாந்தோம் என்ற பெயரும் போர்ச்சுகீசிய மொழியில் பரிசுத்த தோமாவைக் குறிப்பதே.

அந்த ஆற்றில் முன்பு பாலம் இல்லை. 1726-ல் பேத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், மலைக்குச் செல்லும் யாத்திரிகரும் மற்றவரும் கடக்கும்படி, தம் சொந்தப் பணத்தில் ஒரு கல்பாலம் கட்டுவித்தார். மர்மலாங் பாலம் என்று அதற்குப் பெயர். மாம்பலம் என்ற பெயரே அயலார் நாவில் இப்படித் திரிந்தது என்பர். 1960-களில் அதே இடத்தில் கட்டப்பட்டதுதான் இன்றைய மறைமலை அடிகள் பாலம்.

உஸ்கான் தாராளமாய்க் கொடுத்தவர். நாமும் நம்மால் இயன்றதைக் கொடுக்கிறோம். ஆனால் நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய ஒரு கேள்வி உண்டு. கொடுக்கிறதினால் ஒருவன் இரட்சிக்கப்படுகிறானா?

1. தேவனுடைய தன்மை

மற்றச் சீஷர்கள் சொன்னதைத் தோமா நம்பவில்லை. ஆணிகளால் உண்டான காயங்களைக் கண்டு தொட்டாலொழிய விசுவாசிப்பதில்லை என்று பிடிவாதமாய் நின்றான். எட்டு நாள் சென்றபின் ஆண்டவர் வந்தார். அவனைத் தள்ளிவிடவில்லை. தம்முடைய கைகளையும் விலாவையும் காட்டி அவனை அழைத்தார்.

உயிர்த்தெழுந்த சரீரத்திலும் அந்தக் காயங்கள் இருந்தன என்பதைக் கவனியுங்கள். தேவன் பரிசுத்தர், ஆகையால் பாவத்தைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடமாட்டார். தேவன் அன்புள்ளவர், ஆகையால் அதற்குரிய விலையைத் தாமே கொடுத்தார். நீதியும் இரக்கமும் அந்தக் காயங்களில் சந்தித்தன. இந்த விலையோடு நம் காணிக்கையைக் கூட்டிச் சேர்க்க இடமில்லை.

2. விசுவாசம்

தோமா காயங்களைத் தொட்டான் என்று வேதம் சொல்லவில்லை. கண்டவுடனே, இயேசுவைத் தன் ஆண்டவரென்றும் தன் தேவனென்றும் அறிக்கையிட்டான் என்றே வாசிக்கிறோம். ஆண்டவர், தேவன் என்று சொன்னதோடு நில்லாமல், "என்" என்று சொந்தம் பாராட்டினானே, அதுதான் விசுவாசம்.

சைதாப்பேட்டைக் கரையில் நின்று பாலத்தின் உறுதியைப் புகழ்கிறவன் சின்னமலை போய்ச் சேரமாட்டான். அதை நம்பிக் காலடி எடுத்து வைக்கவேண்டும். ஞாயிறுதோறும் ஆலயத்தில் நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லுகிற நாம், கிறிஸ்துவின்மேல் நம் பாரத்தை வைத்திருக்கிறோமா?

3. மனந்திரும்புதல்

வருத்தப்படுவது மட்டும் மனந்திரும்புதல் ஆகாது. யூதாஸும் வருத்தப்பட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திரும்பக் கொண்டுபோய் ஆலயத்திலே எறிந்துவிட்டான். பணம் கையைவிட்டுப் போயிற்று. அவனோ ஆண்டவரிடத்தில் வரவில்லை. பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் ஆண்டவரிடம் திரும்பி வந்தான்.

பரங்கிமலைக்குப் போகப் புறப்பட்டுப் பாரிமுனைப் பக்கம் நடக்கிறவன், வழி தவறினதற்காக அழுதால் மட்டும் போதாது, திரும்பி நடக்கவேண்டும். கணக்கில் செய்த பொய், உடன்பிறந்தாரோடு தீராத பகை, வேலைக்காரருக்குக் கொடாமல் நிறுத்திவைத்த கூலி, இவற்றை அப்படியே வைத்துக்கொண்டு நன்கொடை அனுப்புவது மனந்திரும்புதல் அல்ல.

4. அப்படியானால் நற்கிரியை எதற்கு?

கிருபையினாலே விசுவாசத்தின் மூலம் இரட்சிப்பு என்று எபேசியருக்கு எழுதின பவுல், அந்த இடத்திலேயே நற்கிரியைகளுக்கென்று நாம் உண்டாக்கப்பட்டோம் என்றும் சொல்லுகிறான். இந்த வரிசையை மாற்றக்கூடாது. கனி காய்ப்பதினால் மரத்துக்கு உயிர் வருவதில்லை. உயிர் இருப்பதினால் மரம் காய்க்கிறது.

ஊருக்குப் பாலம் கட்டின உஸ்கானுக்கும், மரண ஆற்றைக் கடக்க வேறொருவர் கட்டின பாலமே வேண்டியதாயிருந்தது. நமக்கும் அப்படியே. வார்டில் படுத்திருக்கும் ஏழை ஒருவர், ஒரு ரூபாயும் காணிக்கை வைக்க இயலாதவர், இன்று ஆண்டவரை நோக்கிக் கூப்பிட்டால் அவருக்கும் அதே பாலம்தான். அவருடைய சிகிச்சைக்குப் பணம் அனுப்பின நமக்கு வேறு வாசல் கிடையாது. இது நம்மைத் தாழ்த்துகிறது; அதே சமயம் பெரிய ஆறுதலையும் தருகிறது. இனி நாம் கொடுப்பது பயத்தினால் செலுத்தும் சுங்கமாக அல்ல, அக்கரை சேர்ந்தவனின் நன்றியாக இருக்கும்.

சிந்திக்க:
• நான் கொடுப்பதை நிறுத்தினால், இரட்சிப்பின் நிச்சயமும் போய்விடும் என்று எண்ணுகிறேனா?
• நான் திரும்பவேண்டிய வழி எது?

ஜெபம்: ஆண்டவரே, உம்முடைய காயங்களையே நம்பி வருகிறேன். என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும். என் கையின் காணிக்கைக்கு முன்பு என் இருதயத்தை ஏற்றுக்கொள்ளும். ஆமென்.