கல்யாணக் கணக்கு: கையிலுள்ள காசில் ஓர் அழகான மணவிழா

ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சங்க அன்பர்கள் பலர் தமது வருமான வரிக் கடதாசிகளை ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு எம்மிடம் கொண்டுவருவார்கள். வேண்டியதும் வேண்டாததும் அந்தப் பைக்குள் கலந்து கிடக்கும். கடனட்டைக் கூற்றுகளும் இருக்கும். அவற்றைப் பார்த்தே அந்த வீட்டில் எந்த ஆண்டு கல்யாணம் நடந்தது என்று சொல்லிவிடலாம்.

அப்படி வந்த ஓர் இளம் தம்பதியரின் கூற்றில் 15,000 டொலர் நிலுவை இருந்தது. வட்டி 19.99 வீதம். மாதம் 300 டொலர் தவறாமல் கட்டி வந்தார்கள். "அங்கிள், இது எப்ப முடியும்?" என்று அந்தப் பிள்ளை கேட்டார். அவர் கட்டும் 300 டொலரில் 250 அளவு வட்டிக்கே போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஏறத்தாழ 9 ஆண்டுகள். வட்டி மட்டும் 17,000 டொலருக்கு மேல். அப்போது அவர் கர்ப்பமாக இருந்தார். பிறக்கப்போகும் பிள்ளை நாலாம் வகுப்புப் படிக்கும்போதுதான் அம்மா அப்பாவின் கல்யாணச் சாப்பாட்டுக்குக் காசு கட்டி முடியும் என்று நாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருக்கே விளங்கிவிட்டது.

அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் இப்பாடத்தை எழுதுகிறோம். ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் எம்மவரை மனதில் வைத்தே கணக்குகளைத் தருகிறோம். யாழ் பல்கலைக்கழகத்தில் வணிகம் கற்று, 2010இல் அகதியாக இங்கு வந்து, 2018இல் எங்கள் தங்கையின் கல்யாணத்தை நாங்களே முன்னின்று செய்தோம். படித்த கணக்கியலை விட அந்த ஆறு மாதங்களில் கற்றது அதிகம்.

முதலில் தொகையை எழுத வேண்டும். மண்டபம், சேலை, படப்பிடிப்பு என்று ஒவ்வொன்றாக விலை கேட்டு வந்து கடைசியில் கூட்டிப் பார்ப்பது எம்மவர் வழக்கம். அப்படிக் கூட்டினால் எப்போதும் கூடத்தான் வரும். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையைச் சுற்றி இருந்து கையில் உள்ளதை மட்டும் எழுதினோம். தங்கையின் சேமிப்பு 9,000, எமது 8,000, மாப்பிள்ளை வீட்டார் தருவதாகச் சொன்னது 5,000. மொத்தம் 22,000 டொலர். அந்த எண்ணைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தோம். ஊரில் இருந்து அம்மா தொலைபேசியில், "ஒரு பொம்பிளைப் பிள்ளை, தம்பி, ஒருக்காத்தானே கல்யாணம்" என்றார். அதற்குப் பதில் சொல்வது சுலபமாக இருக்கவில்லை. இரண்டு கோடுக்குக் கீழே எதுவும் எழுதுவதில்லை என்று மட்டும் முடிவெடுத்தோம்.

அடுத்தது தலைக்கணக்கு. கல்யாணச் செலவில் பெரும்பகுதி ஆட்களின் எண்ணிக்கையோடு ஏறி இறங்குவது. சாப்பாடு, மேசை, கதிரை, அழைப்பிதழ், தாம்பூலப் பை எல்லாம் அதற்குள் அடங்கும். ஓர் உதாரணம் எடுப்போம். ஒரு விருந்து மண்டபம் தலைக்கு 80 டொலர் சொல்கிறது, 350 பேர். 28,000 என்று நாம் மனதில் போட்டுக்கொள்கிறோம். ஒப்பந்தத்தின் கீழே சிறிய எழுத்தில் சேவைக் கட்டணம் 15 வீதம் என்று இருக்கும். 80 டொலர் 92 ஆகிறது. அதற்கு மேல் 13 வீதம் எச்.எஸ்.ரி. வரி, சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்தே வரி. ஆக ஒரு தலை 103 டொலர் 96 சதம். மொத்தம் 36,386. நினைத்ததை விட 8,386 டொலர் கூட. இந்தத் தொகைக்கு எங்கள் தங்கையின் தாலிக்கொடி, கூறை, நாதஸ்வரம் மூன்றையும் வாங்கி மிச்சமும் பிடித்திருக்கலாம். ஆகவே எந்த மண்டபத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு எவ்வளவு?" பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

எங்கள் முதற்பட்டியலில் 420 பெயர்கள் இருந்தன. அதைக் குறைப்பதுதான் முழு வேலையிலும் கடினமானது. மனைவி ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, இவர் கடைசியாக எங்கள் வீட்டு வாசற்படி மிதித்தது எப்போது என்று எழுதச் சொன்னார். ஐந்து வருடமாக வராதவர்கள், நாங்களும் போகாதவர்கள் என்று பார்த்தபோது பாதிக்கு மேல் போய்விட்டது. 180 பேரில் நின்றோம். பெரியம்மா ஒருவர் மூன்று மாதம் எங்களோடு கதைக்கவில்லை. அவரை நாங்கள் அழைத்திருந்தோம். அவருடைய சம்பந்தி வீட்டாரை அழைக்காததுதான் குற்றம். இப்படி ஒரு மனவருத்தமாவது வராமல் பட்டியல் குறையாது. அந்த விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாளைப் பற்றி ஒரு விடயம். இங்கு மண்டபங்களுக்குக் கோடைதான் கிராக்கி. ஆடி மாதத்தை நாம் தவிர்ப்பதால் வைகாசி, ஆனி, ஆவணி என்று எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நெருக்குகிறோம். ஆனால் தை மாதம் கல்யாணத்துக்கு உகந்தது, கனடாவில் அப்போது மண்டபமும் மணவறைக்காரரும் படப்பிடிப்பாளரும் வேலையில்லாமல் இருக்கும் காலம். நாங்கள் தையில் வைத்தோம். காலையில் பனி கொட்டியது. தவில்காரர் நாற்பது நிமிடம் பிந்தி வந்தார், எங்கள் நெஞ்சு அடித்த அடி தவிலை விடப் பெரிது. பனிக்காக முகூர்த்தத்துக்கு முன் ஒரு மணிநேரம் சும்மா விட்டு வைக்க வேண்டும் என்று அன்று படித்தோம். பூ வாங்குவோர் பெப்ரவரி 14ஐ அண்டிய வாரத்தை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் ரோசாப்பூவின் விலையைக் கேட்கவே முடியாது.

எங்கள் பிழையையும் சொல்லவேண்டும். ஐயரிடம் நாள் கேட்கும் முன்பே, "இன்றே கட்டினால் விலைக்கழிவு" என்ற பேச்சில் மயங்கி ஒரு மண்டபத்துக்கு 1,500 டொலர் முற்பணம் கொடுத்துவிட்டோம். பின்னர் பொருத்தமான முகூர்த்தம் அந்தக் கிழமையில் இல்லை. அந்த மண்டபத்தில் அக்கினி வளர்க்கவும் விடமாட்டார்கள் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. காசு திரும்பி வரவில்லை. கணக்காளன் கையெழுத்திட்ட ஒப்பந்தம்! முதலில் ஐயர், பிறகு நாள், பிறகு மண்டபம். மண்டபத்தில் முதற்கேள்வி ஓமம் வளர்க்க இடம் உண்டா என்பது. புகை எச்சரிக்கைக் கருவி அலறினால் தாலிகட்டும் நேரத்தில் எல்லோரும் வெளியே பனியில் நிற்க வேண்டி வரும்.

இறுதியில் ஆலய மண்டபத்தில், காலை முகூர்த்தத்தில் செய்தோம். மண்டபம், ஐயர் தட்சணை, பூசைப் பொருட்கள் எல்லாம் 2,600 டொலர். சாப்பாடு தலைக்கு 16 டொலர், சைவம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பூசணிக்காய்க் கறி, பயற்றங்காய், வடை, அப்பளம், பாயாசம். ஊரில் கல்யாண வீட்டுச் சாப்பாடு இதுதானே. இரவு விருந்தும் ஆட்டமும் வைக்கவில்லை. மத்தியானம் இரண்டரைக்கு எல்லோரும் வயிறு நிறைந்து வீடு போனார்கள்.

அழகு எங்கே என்று கேட்பீர்கள். பலகாரச் சூடு எங்கள் இரண்டு அறை அப்பார்ட்மென்ரில் நடந்தது. பயற்றம் பணியாரமும் சிப்பியும் முறுக்கும் சுட ஒன்பது பெண்கள் வந்தார்கள். எண்ணெய் மணம் ஒரு மாதம் திரைச்சீலையில் இருந்தது. மணவறைக்கு வாடகைக்காரரிடம் சாதாரணமான ஒன்றையே எடுத்தோம். பூவுக்குக் கார்னேஷனும் செவ்வந்தியும் பெட்டியாக வாங்கி முதல் நாள் இரவு பிள்ளைகள் இருந்து கட்டினார்கள். இந்தியாவிலிருந்து வரும் மல்லிகை மணமகளின் கொண்டைக்கு மட்டும். நிறைகுடம், குத்துவிளக்கு, கோலம் எல்லாம் வீட்டுக் கைகள். படங்களில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் கோலத்தைத்தான். ஏழு வயது மருமகள் போட்ட பக்கம் கொஞ்சம் கோணல்.

ஒன்றில் நாங்கள் சிக்கனம் பிடிக்கவில்லை: நாதஸ்வரமும் தவிலும். ஒலிநாடாவில் கெட்டிமேளம் போடுவதை எம்மால் ஏற்க முடியவில்லை. 900 டொலர் அதற்குப் போனது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படி ஒன்று இருக்கும். அதை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொண்டால் மற்றவற்றில் கையை இறுக்குவது நோகாது.

தங்கம்தான் இன்று பெரிய தலையிடி. 2018இல் 9 பவுண் கொடி செய்கூலி, வரி எல்லாம் சேர்த்து 4,500 டொலரில் முடிந்தது. 2025 ஒக்ரோபரில் தங்கம் அவுன்ஸ் 4,000 அமெரிக்க டொலரைத் தாண்டியது. அந்த விலையில், ஒரு பவுண் எட்டுக் கிராம், 22 கரட் என்று கொண்டால், செய்கூலியும் வரியும் இல்லாமலே ஏறத்தாழ 1,300 கனடிய டொலர். 11 பவுண் கொடி என்றால் 14,000க்கு மேல். கொடி எத்தனை பவுண் என்பதே சபையில் முதற்கேள்வியாக இருப்பதை எல்லோரும் அறிவோம். பொன்னுருக்கில் உருக்குவது சிறிதளவு பொன். சடங்கு கேட்பது தாலியை. பவுண் கணக்கு நாம் சேர்த்தது. தங்கை ஏழு போதும் என்றார், அம்மாவுக்காக ஒன்பதானது. அம்மாவின் பழைய நகையை அழித்துச் செய்யக் கூடியவர்கள் அதைச் செய்யலாம். ஊரிலோ சென்னையிலோ வாங்கி வருவோர், 48 மணிநேரத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்பினால் ஆளுக்கு 800 டொலர் பெறுமதி வரைதான் வரியில்லை என்பதை மறக்கவேண்டாம். அதற்கு மேற்பட்டதைச் சுங்கத்தில் சொல்லாமல் கொண்டுவந்தால் நகையே பறிபோகலாம்.

சட்டப் பக்கம் சுருக்கமானது. மாநகரசபையில் எடுக்கும் விவாக அனுமதிப் பத்திரம் 90 நாட்களுக்குச் செல்லும். உங்கள் ஐயர் மாகாண அரசில் பதிவுபெற்றவரா என்று கேளுங்கள். ஆமென்றால் அதே நாளில் இரு சாட்சிகளோடு எழுத்தும் முடியும், தனியே ஒரு எழுத்து விழாவும் அதற்கொரு விருந்தும் தேவையில்லை. கல்யாணம் முடிந்த மாதத்துக்கு அடுத்த மாத முடிவுக்குள் வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். இருவரின் வருமானமும் சேர்த்துப் பார்க்கப்படுவதால் அரசு தரும் உதவிப்பணம் குறையலாம். அறிவிக்காமல் இருந்தால் பின்னர் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

இனி மொய். "மொய்க்காசு வரும்தானே, அதில் மண்டபக்காரனுக்குக் கொடுக்கலாம்" என்று சொல்பவர்கள் பலர். மொய் அன்பளிப்பு, அதற்கு வருமான வரி இல்லை. ஆனால் கணக்கேட்டில் அதை வருமானப் பக்கத்தில் எழுதுவது பிழை. அது பொறுப்பு. இன்று உங்களுக்கு 200 டொலர் என்வலப் தந்தவரின் மகளுக்கு நாளை நீங்கள் கொடுக்க வேண்டும். அதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். மண்டபக்காரர் தவணை கேட்பது கல்யாணத்துக்கு முன்பு. என்வலப் வருவது பின்பு. இடையில் கடனட்டை நிற்கும். மேலே சொன்ன தம்பதியரின் 15,000 டொலர் அப்படித்தான் பிறந்தது. பனிப்புயலில் எண்பது பேர் வரவில்லை என்றார்கள்.

எங்கள் கணக்கில் முற்பண நட்டம் போக 1,120 டொலர் மிஞ்சியது. வந்த மொய்யைத் தங்கையும் அத்தானும் தொடவில்லை. தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டு, யார் எவ்வளவு என்று தங்கை தன் கையெழுத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். யாராவது வீட்டில் நல்லது கெட்டது வந்தால் அந்தக் கணக்கிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெயரின் மேல் கோடு இழுப்பார். அண்மையில் பார்த்தபோது 41 பெயர்கள் இன்னும் கோடு விழாமல் இருந்தன. பெரியம்மாவின் பெயரும் அதில் ஒன்று.