டிப்ளமோவுக்குப் பின் அப்ரண்டிஸ்: கையெழுத்துக்கு முன் சில வார்த்தைகள்



ஒர்க்‌ஷாப் காக்கியைக் கழற்றி மாட்டும் நாள் நெருங்கிவிட்டது. இனி வீட்டிலும் தெருவிலும் ஒரே கேள்விதான்: "என்னப்பா, அடுத்து என்ன?"

நம்மில் பலருக்கு முதலில் வருவது அப்ரண்டிஸ் கடிதம். அதைப் பார்த்ததும் "எங்க பிள்ளைக்கு வேலை கிடைச்சாச்சு" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவிடுவார். ஆனால் அது வேலை அல்ல, பயிற்சி. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், 1973-இல் டிப்ளமோ படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்படி அப்ரண்டிஸ் என்பவர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். காலம் பொதுவாக ஓராண்டு. கிடைப்பது உதவித்தொகை. முடிந்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

அப்படியானால் வேண்டாமா? அவசியம் வேண்டும்! வகுப்பில் படத்தில் பார்த்த மெஷினை ஓடும் நிலையில் கற்க இதைவிட நல்ல வழியில்லை. ஆனால் மூன்றை மறக்காதீர்கள்.

1. ஒப்பந்தத்தை முழுதும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். நகல் ஒன்றை வாங்கி வையுங்கள்.

2. ஒரு வருஷம் வேறு வேலை பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்றால் தகுதி போய்விடும்.

3. பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் எண்ணமிருந்தால் அதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

முக்கியமாக, வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். உதவித்தொகையை நிரந்தரச் சம்பளமாக நம்பி அப்பா புதுக்கடன் வாங்கிவிடக் கூடாது. ஓராண்டுக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போடுங்கள். அதுவே நம் முதல் பொறுப்பு.

வெற்றி நமதே!